இருபத்தேழாம் பக்கத்துக் கோடுகள்

திரும்பத் திரும்பப் படிக்கத் தகுந்த பத்துப் புத்தகங்களை எழுதிக் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும், வாசகர் வட்டப் பலகையில் ஒட்டுகிறோம் என்று தீபா போனில் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற கிளை நூலகத்தில் இப்போது நூலகராக இருப்பவள் அவள். முப்பது வருஷம் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பத்துக்கா பஞ்சம் என்று நினைத்திருப்பாள். பஞ்சம்தான். இனிப்புக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் இனிப்பைத் தொடுவதில்லை. எடுத்துக் கொடுப்பதும் வாங்கி வைப்பதுமாகவே என் காலம் போய்விட்டது. நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு நாவல்தான். அதையும் நானாகப் படிக்கவில்லை, ஒருத்தி படிக்க வைத்தாள். ஆகவே பட்டியல் கிடையாது தீபா, இதை ஒட்டிக்கொள். நீளமாக இருக்கிறது என்று எங்கேயாவது வெட்டினால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

நூலகச் சான்றிதழ் படிப்பு, அடையாறில் ஐந்து வருஷம், தி.நகரில் மூன்று வருஷம் என்று சுற்றிவிட்டு, ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் ஒரு தெருவில் இருந்த இந்தக் கிளைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு அறை, ஜன்னலோரம் ஒரு நீள மேசை, மேலே கடகடக்கும் ஒரு மின்விசிறி. மந்தைவெளி வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவேன். அப்புறம் இரண்டு தடவை மாற்றல் வந்தது. இரண்டு தடவையும் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நடக்கிற தூரம் என்று சொல்லியிருப்பேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வேலை எப்படி நடந்தது என்று இப்போது வருகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் உள்பக்கமாக ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். புத்தகம் வெளியே போகும்போது அதில் எடுப்பவரின் உறுப்பினர் எண்ணை எழுதி, பக்கத்தில் தேதி முத்திரை குத்துவோம். ஊதா மை. அந்த முத்திரையில் நாள், மாதம், வருஷத்துக்குத் தனித்தனியாகச் சின்ன ரப்பர் பட்டைகள் உண்டு, விரலால் திருகி மாற்றவேண்டும். புத்தகம் திரும்பி வந்ததும் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம். கிழிசல் இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, யாராவது கிறுக்கியிருக்கிறார்களா. பென்சில் கிறுக்கல் இருந்தால் அழித்த பிறகுதான் அலமாரிக்கு அனுப்பவேண்டும்.

எங்கள் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. படித்ததையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கத்தில் ரகசியமாக அடையாளம் வைப்பார்கள். ஒரு வாத்தியார் பதினொன்றாம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். ஒரு அம்மா கடைசிப் பக்கத்து மூலையில் சின்னதாகப் பூ வரைவார். வீட்டு எண்ணோ பிள்ளை பிறந்த தேதியோ, ஆளுக்கொரு கணக்கு. அலமாரி முன்னால் நின்று நேரே அந்தப் பக்கத்தைப் பிரிப்பார்கள், அடையாளம் இருந்தால் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அழிரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கிளையில் என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியும், இங்கே எழுதமாட்டேன்.

வந்து சேர்ந்த முதல் மாதமே நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண் புத்தகம் என் கைக்கு வந்தது. எங்களுக்குப் புத்தகத்தின் பெயரைவிட எண்தான் நாக்கில் நிற்கும். பழுப்பேறிய மெலிந்த நாவல். இருபத்தேழாம் பக்கத்தின் தலையில் நாலு சாய்வுக் கோடுகள் பென்சிலில் போட்டிருந்தன. சுத்தமாக அழித்து, தூளை ஊதிவிட்டு, அலமாரிக்கு அனுப்பினேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், வாரம் தவறாமல் வருகிற ஒரு பெண் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்தாள். அப்படியே நின்றாள். பிறகு பர்தாவின் முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், இதுல நாலு கோடு இருந்துச்சி. யாரு அழிச்சது?"

"நான்தான். புக்குல கிறுக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கே, பாக்கலையா?"

"கிறுக்கல மேடம். கோடுதான் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். படிச்சத மறுபடி எடுக்கக் கூடாதுன்னுதான எல்லாரும் அடையாளம் வெக்கிறீங்க? படிச்சாச்சுன்னு தெரிஞ்சும் அப்புறம் ஏன் எடுக்குறீங்க?"

"மறுபடி எடுக்கத்தான் மேடம் நான் அடையாளமே வெச்சேன்."

பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. விரல் விட்டுச் சொன்னாள். முதல் கோடு, கல்யாணமாகி ராயப்பேட்டையில் இருபத்தேழாம் எண் வீட்டுக்கு வந்த புதிதில் படித்தது. இரண்டாவது, முதல் பிள்ளை பிறந்து எட்டாம் நாள் போனபோது. மூன்றாவது, மகள் பிறந்த பிறகு. நாலாவது, தையல் மெஷின் ஊசி வீட்டுக்காரர் விரலில் ஏறி அவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது.

"ஒவ்வொரு வாட்டியும் இதத்தான் எடுத்தேன். எழுதி வெக்கிறதுக்கு எனக்கு வேற நோட்டு இல்ல மேடம். அழிச்சிட்டீங்களே" என்றாள். அவள் அழவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அலுவலகப் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். நாலு கோடுகளையும் அதே இடத்தில் போட்டாள். உருது எழுதுகிற கை, வலமிருந்து இடமாகப் போட்டது.

அவள் பெயர் நசீமா. வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜாக்கெட் கடையில் தையல்காரர். அவள் வீட்டிலிருந்தபடியே கொக்கி வைத்து, ஓரம் தைத்துக் கொடுப்பாள். வீட்டுப் பேச்சு உருது. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த தமிழ்தான், ஆனால் வாசிப்பு தண்ணீர்பட்ட பாடு. என்னைவிட எட்டு வயது சின்னவள்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அவள் திருப்பிக் கொடுத்ததும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மேசையிலேயே அதைப் படித்தேன். ஒரு சின்ன ரயில் நிலையம். கேட் கீப்பர், அவர் மனைவி, கண் மங்கிய மாமியார். ஒரு காலையில் அந்த மனைவி கேட்டருகே நின்ற வண்டியில் ஏறிவிடுகிறாள். நாலு நிலையம் தள்ளி இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால வண்டியில் திரும்பி வந்துவிடுகிறாள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவ்வளவுதான் கதை.

"உருப்படாத கதையா இருக்கே நசீமா. போனவ ஏன் போனா, வந்தவ ஏன் வந்தா, ஒண்ணுமே சொல்லல" என்றேன்.

சிரித்தாள். "மொத வாட்டி படிச்சப்ப, திரும்பி வந்துட்டாளேன்னு அழுதேன் மேடம். ரெண்டாவது வாட்டி, போனாளேன்னு கோவம் வந்துச்சி. மூணாவது வாட்டி பாப்பாவ மடியில போட்டுக்கினு படிச்சேன். அப்பதான் மாமியாரப் பாத்தேன்."

"மாமியார்தான் வாயே தெறக்கலையே."

"வாய எதுக்குத் தெறக்கணும்? அவ வர்றப்ப அடுப்பாண்ட தட்டுல சோறு மூடி வெச்சிகீது பாருங்க. கண்ணு தெரியாத கெழவி மூடி வெச்சிகீறா. வருவான்னு அவளுக்குத் தெரியும் மேடம்."

அவள் போன பிறகு தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி இருந்தது. அதை நான் தாண்டிப் போயிருந்தேன். நூலகர் என்று பெயர், ஒரு தட்டு கண்ணில் படவில்லை. வெட்கமாகப் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

புதுப் புத்தகம் எத்தனையோ வருகிறதே என்று இன்னொரு நாள் கேட்டேன். "புதுக் கதையில இன்னா ஆவுமோன்னு திக்கு திக்குன்னு கீது மேடம். அந்த திக்கு திக்கு என் வூட்லயே போதும். இதுல எல்லாம் தெரியும். பயமில்லாம நின்னு நிதானமா சுத்திப் பாக்கலாம்" என்றாள். மறுவாசிப்பைப் பற்றிக் கருத்தரங்குகளில் மணிக்கணக்காகப் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கும் பழகிவிட்டது. அவள் ஒரு தடவை எடுத்துப் படித்துக் கொடுத்தால், நான் ஒரு தடவை மேசையிலேயே படிப்பேன். சில வருஷம் விட்டுப்போகும், சில வருஷம் தொடர்ந்து நடக்கும். மூன்று மணிக்குக் கூட்டம் குறையும்போது மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் படித்தபோது எனக்குக் கேட் கீப்பர் தெரிந்தார். சாயங்கால வண்டிக்கு மட்டும் அவர் கேட்டை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மூடிவிட்டு, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த மனுஷனும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதை நசீமாவிடம் சொன்னேன். "எனக்குத் தோணவே இல்ல மேடம்" என்றாள். பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

இப்படிப் பதினொரு கோடுகள் ஆயின. மகளைக் கட்டிக் கொடுத்தாள். அந்த மகளின் பிரசவத்துக்கு ஆம்பூர் போகிறேன் என்று சொல்ல ஒரு நாள் வந்தாள். புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

"மூணு மாசத்துல வந்துருவேன். இத பத்திரமா வெச்சிக்கோங்கக்கா. பன்னெண்டாவது கோடு பேரப்புள்ளைக்கு."

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "நான் எங்க போயிடப் போறேன், புக்கு இங்கதான் இருக்கும், வா" என்றேன். போன் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. வாரா வாரம் வருகிறவளுக்கு எதற்கு நம்பர்?

அவள் போன அடுத்த மாதம், பழைய புத்தகங்களைக் கழித்துத் தள்ளுகிற கழிவு நீக்க ஆய்வு வந்தது. ஆய்வாளரை நான் இங்கே ரங்கராஜன் சார் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மைப் பெயர் வேண்டாம். மயிலாப்பூர்க்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் வருகிறார் என்றால் கிளைகளில் எல்லோரும் முந்தின நாளே பதிவேடுகளைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். நீள மேசையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார். இரண்டு கைக்குட்டைகளை மடித்து வைப்பார், ஒன்று முகத்துக்கு, ஒன்று தூசிக்கு. நான் பதிவேட்டைப் பார்த்து எண்ணை வாசிக்க, உதவியாளர் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார். சார் நடுப்பக்கத்தில் ஒரு தாளின் மூலையை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை மடிப்பார். ஒடியாவிட்டால் தாள் தாங்கும். ஒடிந்தால் பின்னால் தேதிச் சீட்டைப் பார்ப்பார். கடந்த மூன்று வருஷத்தில் குறைந்தது இரண்டு வேறு வேறு உறுப்பினர்கள் எடுத்திருக்கவேண்டும். வலது பக்கம் வைத்தால் "இருக்கட்டும்", இடது பக்கம் வைத்தால் "போகட்டும்". நாள் முழுக்க இந்த இரண்டு வார்த்தைதான். போகட்டும் என்றால் பதிவேட்டில் சிவப்புக் கோடு, அட்டை கிழித்து, பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடும். அதிலிருந்து ஊழியர்கள் ஒரு தாளைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வேறொரு கிளையில் ஒருவர் எடுத்துப் போனதற்குச் சார் குறிப்பாணை, அதாவது மெமோ, கொடுத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழை வாசித்தேன். சார் மூலையை மடித்தார். இரண்டாவது மடிப்பில் ஒடிந்து தூசிக் கைக்குட்டையில் விழுந்தது. சீட்டைப் பார்த்தார்.

"ஒரே நம்பராவே இருக்கேம்மா. போகட்டும்."

"சார், இதை நானும் படிக்கிறேன் சார்."

"உங்க நம்பர் எங்கே?"

"எடுத்துட்டுப் போகல சார். இங்கயே உக்காந்து படிச்சேன்."

"பதிவுல இல்லேன்னா நடக்கலேன்னுதானேம்மா அர்த்தம்."

"இந்த நம்பர்காரங்க திரும்பி வருவாங்க சார். வந்து கேட்டா என்ன சொல்றது?"

"வேற ஒண்ணு குடுங்கோ" என்று இடது பக்கம் வைத்துவிட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. ஊழியர்கள் தங்கள் பெயரில் புத்தகம் எடுக்கலாம், எனக்கும் உறுப்பினர் எண் இருந்தது. ஆனால் கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் இருப்பதைப் பதிவு செய்து எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யாராவது மனு எழுதுவார்களா? ஊரில் இருக்கிறவர்கள் எடுத்ததையெல்லாம் இத்தனை வருஷம் எழுதி வைத்தவள், தான் படித்ததை ஒரு தடவைகூட எழுதவில்லை. அதற்கு நசீமாவின் புத்தகம் எடைக்குப் போகப் போகிறது.

ஒரு மணிக்கு, "ஆத்துக்குப் போய்ச் சாப்ட்டுண்டு வந்துடறேன்" என்று சார் கிளம்பினார். உதவியாளர் டீ குடிக்கப் போனார். நான் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. இடது பக்கக் குவியலிலிருந்து அதை எடுத்தேன். தேதி முத்திரையின் பட்டைகளைத் திருகிப் பின்னால் கொண்டுபோனேன். சீட்டில் என் உறுப்பினர் எண்ணை எழுதி முத்திரை குத்தினேன். ஒன்று போதும். இருந்த ஆத்திரத்தில் வருஷத்துக்கு ஒன்றாக மூன்று குத்தினேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து பதிவில் ஒரு பொய்யான புள்ளிகூட வைத்தவளில்லை. ஆனால் பொய் எழுதுகிறேன் என்றும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. நான் படித்தது உண்மைதானே.

சார் வந்து உட்கார்ந்ததும், "நாலாயிரத்து நானூற்றுப் பதினேழை இன்னொரு தடவை பாருங்க சார். என் நம்பர் இருக்கு" என்றேன்.

சீட்டைப் பிரித்தார். முத்திரையின் மேல் கட்டை விரலை வைத்து மெல்லத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். ஊதாவாக இருந்தது.

வேலை போகும், இல்லையென்றால் குறிப்பாணையாவது வரும், அம்மா மருந்துக்கு என்ன செய்வேன் என்று என்னென்னவோ ஓடியது. சார் தூசிக் கைக்குட்டையை எடுத்து அந்த விரலை நிதானமாகத் துடைத்தார்.

"நன்னா இருக்குமாம்மா?"

"இருக்கும் சார்."

"எத்தனை தரம் படிச்சேள்?"

"ஏழு தடவை சார்." அதில் பொய் இல்லை.

புத்தகத்தை விரித்தபடியே வலது பக்கம் வைத்தார். "மை காயட்டும். அப்புறம் மூடுங்கோ" என்றார். பிறகு, "அடுத்த நம்பர்" என்றார். ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. நசீமா வரவில்லை. உறுப்பினர் படிவத்தில் இருந்த அவள் வீட்டுக்காரரின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்கு நடந்துபோய் இருபத்தேழாம் எண் வீட்டைக் கண்டுபிடித்தேன். கீழே பூட்டியிருந்தது. மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அவங்க காலி பண்ணிக்கினு போயி மாசமாச்சே. ஆம்பூர்லயே இருந்துட்டாங்க. சாமான் எடுக்க அவுங்க அண்ணன்தான் வந்தாரு" என்றார். விலாசம் அவருக்கும் தெரியவில்லை.

புத்தகத்தை ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டில், அவள் எப்போதும் எடுக்கிற இடத்திலேயே வைத்திருந்தேன். வாசற்படியில் பர்தா தெரிந்தால் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். வேறு யாராவதாக இருக்கும். இந்த வயதில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏங்கினேன். அந்தப் புத்தகத்தை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. படித்துவிட்டு யாரிடம் சொல்வது?

அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நானும் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு அனுப்பிய அன்றைக்கே, இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பழைய ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு அதை ஏன் இங்கே வைத்தாய், இதை ஏன் மாற்றினாய் என்று கேட்பது எனக்குப் பிடிக்காது. வெறும் வீம்பு. நாலு வருஷம் அந்த வீம்பில் போயிற்று. அதற்குள் கம்ப்யூட்டர் வந்து, தேதிச் சீட்டு நின்று, முத்திரையும் எங்கேயோ போய்விட்டது.

தீபா பட்டியல் கேட்ட பிறகுதான், எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை போனேன். புத்தகம் கீழ்த்தட்டில் அதே இடத்தில் இருந்தது. சார் ஒடித்த மூலை அப்படியே இருந்தது. என் மூன்று முத்திரைகளின் மேல் பாதி மறைத்துக் கம்ப்யூட்டருக்கான பார்கோடு சீட்டை ஒட்டியிருந்தார்கள். இருபத்தேழாம் பக்கத்தைப் பிரித்தேன். சும்மாதான் எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். கடைசிக் கோடு இடது ஓரத்தில், அதே சாய்வில், மற்றதைவிடக் கறுப்பாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தீபா ஓடி வந்தாள். யார் எடுத்தார்கள் என்று பார்க்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "இது வெளியவே போகல மேடம். சிஸ்டம் வந்ததுலேர்ந்து ஒருத்தர்கூட எடுக்கல" என்றாள். யாராவது கேட்டார்களா என்று கேட்டேன். அவள் இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அவளுக்குத் தெரியவில்லை. உதவியாளரும் புது ஆள்.

நசீமாவின் அட்டை எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. அதனால் இங்கேயே உட்கார்ந்து படித்திருக்கிறாள். இதே நீள மேசையில், நான் ஏழு தடவை படித்த மாதிரியே, பதிவில்லாமல். இந்த நாலு வருஷத்தில் ஏதோ ஒரு மத்தியானம் அவள் ஆம்பூரிலிருந்து வந்து, என் நாற்காலியில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்த மத்தியானம் நான் நடந்தால் இருபது நிமிஷ தூரத்தில், காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாள் என்று தெரிந்துகொள்ள ஒரு தேதி முத்திரைகூட இல்லை.

"உங்க பேர்ல போட்டுத் தரேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மேடம்" என்றாள் தீபா.

"வேணாம். இங்கயே இருக்கட்டும்" என்றேன். "பென்சில் இருந்தா குடு."

என் அழிரப்பர் கதை அவள் காதுக்கும் போயிருக்கிறது போலிருக்கிறது. ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

இதைப் பலகையில் நின்று படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனிமேல் செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு மேல் நான் ஜன்னலோர மேசையில் இருப்பேன். எட்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பெண் இன்னும் வண்டியில்தான் இருக்கிறாள், எனக்கு அவசரமில்லை. நான் இல்லாத நாளில், ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா பர்தா போட்டுக்கொண்டு வந்து கீழ்த்தட்டில் அந்த மூலை ஒடிந்த நாவலைத் தேடினால், அட்டை இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். இருபத்தேழாம் பக்கத்தில் பன்னிரண்டு கோடுகளுக்குக் கீழே தனியாக ஒரு கோடு இருக்கும். அதை யாரும் அழிக்கவேண்டாம்.